பல் பார்க்க முடியாத மாடு

பழைய கார் விற்கிற யார்டுக்குள் நுழைந்தால், இந்த ஊரில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வாங்கியதே இல்லையோ என்று சந்தேகம் வரும். நிற்கிற வண்டியில் பாதி டாக்டர் வண்டி, மீதி லேடி டாக்டர் வண்டி. வீடு விட்டால் கிளினிக், கிளினிக் விட்டால் வீடு. சிங்கிள் ஓனர். ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டி. வெளியே வராத வண்டி 42,000 கிலோமீட்டர் எப்படி ஓடியது என்று கேட்டால், "அது ஹைவே கிலோமீட்டர் சார்" என்பார்கள்.

நான் தேடிப் போனது ஒரு பழைய மின்சாரக் கார். பேராசை எதுவும் இல்லை. மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி போய் வரணும். அங்கே இங்கே அலைச்சலைச் சேர்த்தால் நாளைக்கு 50 கிலோமீட்டர். 100 ரூபாயைத் தாண்டிப் போய் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்ட பெட்ரோலுக்கு மாதச் சம்பளத்தில் பங்கு கொடுத்து மாளவில்லை. புது மின்சார வண்டிக்கு வக்கில்லை. நாலு வருஷம் ஓடினது ஏழரை லட்சத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். காற்றைக் கெடுக்காதே, மின்சார வண்டிக்கு மாறு என்று டெல்லியும் சொல்கிறது, கோட்டையும் சொல்கிறது. சரி, அரசாங்கம் சொல்வதை ஒரு தடவையாவது கேட்டுப் பார்ப்போமே என்று கிளம்பினேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் யார்டு பள்ளிக்கரணைப் பக்கம். விற்கிற தம்பி வண்டியை ஆன் செய்து, திரையைத் துணியால் துடைத்து, "பாருங்க சார், 100 பர்சன்ட்!" என்றார். நூறு சதவீதம் சரி, எதில் நூறு? மின்சார வண்டி பேட்டரி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் டம்ளர் மாதிரி. சுருங்கின டம்ளரையும் விளிம்பு வரை நிரப்பலாம். நிரப்பினால் அதுவும் நிறைந்த டம்ளர்தான். எனக்குத் தெரியவேண்டியது டம்ளர் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது. அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது, பேட்டரி ஹெல்த் என்று. அந்த எண் வண்டிக்குள்ளேயே, பேட்டரியைக் கட்டிக்காக்கிற கம்ப்யூட்டரில் இருக்கிறது. திரையில் வராது. பாட்டை மாற்றலாம், சீட்டைக் குளிரவைக்கலாம், வெளியே மழை பெய்கிறது என்று வண்டி நமக்கே சொல்லும். அந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லாது.

"பேட்டரி ஹெல்த் எவ்வளவு தம்பி?"

"சூப்பரா இருக்கு சார்."

"எண்ணா எவ்வளவு?"

"நீங்க ஓட்டிப் பாருங்க சார், உங்களுக்கே தெரியும்."

அந்த நேரம் பார்த்து வண்டி தானாக ஹாரன் அடித்தது. ஹெட்லைட் இரண்டு தடவை கண்ணடித்தது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். தம்பி அசையவில்லை. "பழைய ஓனர் வீட்டுப் பையன் சார். ஆப் இன்னும் அவங்க போன்லதான் இருக்கு. அப்பப்ப விளையாடுவான்." என் ஏழரை லட்சத்தைக் கொடுத்த பிறகும், எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு எட்டாம் வகுப்புப் பையன் அனுமதித்தால்தான் எனக்கு ஏசி ஓடும் என்று புரிந்துகொண்டேன்.

மறுவாரம் எங்கள் மெக்கானிக் அண்ணனை அழைத்துப் போனேன். முப்பது வருஷமாக பெட்ரோல், டீசல் வண்டிகளின் வயிற்றில் கைவிட்டு எடுத்தவர். சாதாரணமாக ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பார், கேஜ் கம்பியை உருவி இரண்டு விரலுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்து முகர்வார், சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்து மூச்சு எண்ணுவார். ஐந்தே நிமிஷத்தில் அந்த டாக்டரின் ஜாதகம் வெளியே வந்துவிடும். அன்றைக்கு பானட்டைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளிப் பெட்டி, நாலு ஆரஞ்சுக் கேபிள். ஆரஞ்சு என்றால் தொடாதே என்று அர்த்தம் என்பது அவருக்கே தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். டயரை உதைத்தார்.

"இதுல எதைத் தம்பி பாக்குறது?"

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிறவனுக்கு இருக்கிற உரிமை இதுதான்: வாயைப் பிளந்து பல்லை எண்ணலாம், சுழி பார்க்கலாம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கலாம். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அந்த ரகசியம் விலையில் மட்டும்தான், மாட்டில் இல்லை. இங்கே விலை வெளிச்சமாகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. துண்டை மாட்டின் வாய்க்குக் கட்டிவிட்டார்கள். வண்டி விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிதான். அந்தப் பங்கைப் பார்க்காமலே வாங்கவேண்டும்.

தம்பியைக் கெஞ்சி, வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப் போனோம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். பிறகு போய் விசாரித்த மற்ற இரண்டு இடங்களிலும் பதில் ஒன்றுதான். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அட்வைசர் கனிவாகக் கேட்டார்.

"வண்டி உங்க பேர்ல இருக்கா சார்?"

"வாங்கினாத்தானே என் பேருக்கு வரும்?"

"அப்ப வாங்கிட்டு வாங்க சார். ரிப்போர்ட் எடுத்துடலாம்."

"ரிப்போர்ட் பாத்துட்டு வாங்கலாம்னுதான் வந்தேன்."

"ரெஜிஸ்டர்டு ஓனர் நம்பருக்குத்தான் சார் ஓடிபி போகும்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதையே இப்போது ஏசி அறையில், தண்ணீர் பாட்டில் கொடுத்து, 'கஸ்டமர் பிரைவசி' என்று சொல்கிறார்கள்.

ஆர்டிஓ ஆபீஸில் பேர் மாற்ற படிவம் 29, படிவம் 30 என்று வாங்குகிறார்கள். சேசிஸ் நம்பர் கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 கேட்கிறார்கள். பேட்டரி எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம், அந்தத் தாள்களில் இல்லை. அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த புரோக்கர் என்னிடம் மின்சார வண்டிக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் கேட்டார். புகைக்குழாயே இல்லாத வண்டிங்க என்றேன். "அப்ப கொஞ்சம் செலவாகும்" என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மின்வாகனப் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். பிறந்த கதை, சேர்ந்த பொருள், இப்போதைய உடல்நிலை எல்லாம் அதில் இருக்கவேண்டும். நமக்குப் புரோக்கரின் சத்தியவாக்கு போதும்.

இனி வரிக்கு வருவோம். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது, எனவே கொஞ்சம் நின்று பேச விடுங்கள்.

புது மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2019 ஆகஸ்ட்டிலிருந்து அப்படித்தான். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கும் 5. ஒன்றரைக் கோடி ரூபாய் ஜெர்மன் வண்டிக்கும் 5. பிஸ்கட் பாக்கெட்டுக்கே 18 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்த நாட்டில் கோடீஸ்வரனின் காருக்கு 5. தமிழ்நாடு இன்னும் தாராளம். 2023 நவம்பரில் சாலை வரியை ஏற்றியபோது 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு 20 சதவீதம் என்று வைத்தார்கள். மின்சார வண்டிக்கு முழு விலக்கு. அதாவது ஒன்றரைக் கோடிக்கு மின்சாரக் கார் வாங்கும் போட் கிளப் சாலைப் பெருந்தகைக்கு நம் கஜானா விட்டுக்கொடுத்தது கிட்டத்தட்ட 30 லட்சம். நான் இரண்டு மழைக்காலமாகத் தேடும் வண்டி நான்கை அந்தப் பணத்தில் வாங்கலாம். பூமியைக் காப்பாற்றுகிறாராம். காப்பாற்றட்டும். அவர் வீட்டில் அது ஐந்தாவது வண்டி. மற்ற நாலும் பெட்ரோல்.

அதே வண்டியை அவர் சலித்துப்போய்த் தள்ளிவிட்டு, அது யார்டுக்கு வந்து, என் மாதிரி ஒருவன் கையில் சேரும்போது? 2024 டிசம்பர் 21, ஜெய்சல்மேர். ஜிஎஸ்டி கவுன்சிலின் 55வது கூட்டம். உப்புப் போட்ட பாப்கார்னுக்கு ஒரு வரி, பாக்கெட் பாப்கார்னுக்கு ஒரு வரி, கேரமல் பாப்கார்னுக்கு 18 சதவீதம் என்று விளக்கம் கொடுத்து ஊரைச் சிரிக்கவைத்த கூட்டம் அதுதான். அங்கேதான், வியாபாரி விற்கும் பழைய மின்சாரக் காரின் லாபத்தின் மீதான வரியை 12 சதவீதத்திலிருந்து 18க்கு ஏற்றினார்கள். நியாயமாகச் சொல்லவேண்டும்: முழு விலைக்கு அல்ல, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான் வரி. ஆளுக்கு ஆள் நேராக விற்றுக்கொண்டால் அதுவும் இல்லை. யார்டுக்காரர் ஒரு லட்சம் லாபம் வைத்தால் 12,000 போன இடத்தில் 18,000 போகும். அதை அவர் தன் பையிலிருந்து கொடுக்கப்போவதில்லை. ஆறாயிரம் ரூபாய். போட் கிளப் சாலைக்கு 30 லட்சத்தை விட்டுக்கொடுத்த கைகள், மேடவாக்கத்துக்காரனிடம் ஆறாயிரத்தைப் பிடுங்குவதற்கு ஜெய்சல்மேர் வரை போய்க் கூட்டம் போட்டிருக்கின்றன. பாலைவனம் என்பதால் ஈரம் எதிர்பார்க்கக் கூடாதுதான்.

வாரண்டி கதையும் இதே ஜாதிதான். பொதுவாகப் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். இப்போது சிலர் வாழ்நாள் வாரண்டி என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சிறிய எழுத்தைப் படிக்க என் வீட்டுக்காரியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்: முதல் உரிமையாளருக்கு மட்டும். யாருடைய வாழ்நாள் என்று இப்போது தெரிகிறதல்லவா? பேட்டரிக்குத் தன்னை ஓட்டுகிறவன் முதலாமவனா இரண்டாமவனா என்று தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்.

மலிவாக வேண்டுமானால் டெல்லி வண்டி இருக்கிறது என்றார் இன்னொரு யார்டுக்காரர். பச்சை நம்பர் பலகை. சொந்த வண்டி என்றால் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. இதில் எழுத்து வெள்ளைதான். ஆனால் நகத்தால் சுரண்டினால் அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. எந்த டாக்சிக் கம்பெனிக்கு உழைத்து ஓய்ந்ததோ. டெல்லி டாக்சி என்றதும் எனக்கு புளூஸ்மார்ட் டாக்சிக் கம்பெனி ஞாபகம் வந்தது. அதற்குக் கார் வாங்கிக் கொடுத்த ஜென்சால் நிறுவனம், அரசுத்துறை நிறுவனங்களான இரெடா, பிஎஃப்சி இரண்டிடமும் 6,400 மின்சாரக் கார் வாங்குகிறோம் என்று கடன் வாங்கியது. வாங்கியது 4,704. மீதிப் பணத்தின் ஒரு பகுதி எங்கெங்கோ சுற்றி, குருகிராமில் ஆடம்பரக் குடியிருப்பு வாங்கவும், 26 லட்சத்துக்கு ஒரு கோல்ஃப் செட் வாங்கவும் போனது என்று 2025 ஏப்ரல் 15 தேதியிட்ட இடைக்கால உத்தரவில் செபி குற்றம்சாட்டியது. புளூஸ்மார்ட் கார்கள் தூசி படிந்து வரிசையாக நின்றன. ஓட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எனக்கு ஏழரை லட்சம் கடன் தர வங்கி, பழைய வண்டி என்று வட்டியையும் கூட்டி, மூன்று வருஷ ஃபார்ம் 16 கேட்கிறது. கோல்ஃப் மட்டையாகப் பிறந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

மழைக்காலம் வந்தபோது வேறொரு கேள்வி சேர்ந்துகொண்டது. "தண்ணி பார்த்த வண்டியா தம்பி?" 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் எந்த நிலையில் கிடந்தன என்று நமக்குத் தெரியும். தம்பி சிரிக்காமல் சொன்னார்: "அன்னிக்கு இந்த வண்டி மேம்பாலத்து மேல நின்னுச்சு சார்." அப்படிச் சொன்ன யார்டுகளின் வண்டிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். வேளச்சேரி மேம்பாலம் மாதிரி பத்துப் பாலம் தேவைப்படும். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மக்கள் நிஜமாகவே காரைக் கொண்டுபோய் அந்தப் பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அதுதான் இந்த ஊரின் வடிகால் திட்டத்துக்கு மக்கள் கொடுத்த மதிப்பெண். விளம்பரத்தில் ஐபி67 என்று பெருமையாகப் போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று அர்த்தம். அரை மணி! எங்கள் தெருத் தண்ணீர் வந்தால் மூன்று நாள் விருந்தாடிவிட்டுத்தான் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். கணக்கு விடவில்லை. நாளைக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள். இரண்டு மாதத்துக்கு 2,500 கிலோமீட்டர். அதற்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 400 யூனிட். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும். 2024 ஜூலைக் கட்டணத்தில் ஏறத்தாழ 1,500 ரூபாய். வண்டி சேர்ந்தால் 850 யூனிட். 500ஐத் தாண்டியதும் மின்வாரியத்தின் முகம் மாறிவிடும். கட்டணப் படிகளே வேறு. பில் ஏறத்தாழ 5,400. அதாவது வண்டி குடிக்கும் யூனிட் ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்குப் பக்கம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விளம்பரத்தில் சொன்னது ஒன்றரை ரூபாய் ஆகிறது. ஆகட்டுமே. பெட்ரோலில் ஆறு ஏழு ரூபாய் ஆகிறது. வண்டி நல்ல வண்டிதான். சத்தமில்லை, புகையில்லை, டிராபிக்கில் கால் வலியில்லை. 2020இல் வந்த முதல் நெக்ஸான் ஈவிக்கு 312 கிலோமீட்டர் என்று சான்று கொடுத்தார்கள். ரோட்டில் அது 200ஐச் சுற்றி நின்றது. எனக்கு வேண்டியது 50. பாதி செத்த பேட்டரிகூட எனக்கு ஜாஸ்தி. எவ்வளவு செத்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு விற்கச் சொன்னால், அதற்குத்தான் இத்தனை பூட்டு.

கடைசிப் பூட்டு எங்கள் அடுக்ககத்தில் இருந்தது. வண்டி வாங்கும் முன் சார்ஜ் போட இடம் வேண்டுமே என்று சங்கச் செயலாளரிடம் போனேன். வங்கியில் ஓய்வுபெற்றவர், மினிட்ஸ் எழுதுவதில் மன்னர். என் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு கேபிள், என் பார்க்கிங்கில் ஒரு 16 ஆம்பியர் பிளக், செலவு என்னுடையது என்றேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கூட்டர் எரிகிற வீடியோவைக் காட்டினார்.

"தீப்பிடிச்சா யார் தம்பி பதில் சொல்றது?"

லிஃப்டை ஒட்டி எங்கள் ஜெனரேட்டர் நிற்கிறது. பக்கத்தில் டீசல் கேன்கள். ஜெனரேட்டர் ஆபரேட்டர் அந்தக் கேன் மேல் உட்கார்ந்துதான் பீடி குடிப்பார். அதைக் காட்டினேன். "அது ஜிபில பாஸ் ஆனது" என்றார். சொந்த மின் இணைப்பிலேயே வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றிய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அதெல்லாம் டெல்லி, தம்பி." அந்த ஜிபி என்கிற பொதுக்குழு கூடியது. ஒருத்தருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றது. எல்லாரும் கேட்டால் எல்லாருக்கும் போடலாமே என்றேன். தீயணைப்புத் துறைச் சான்று, கட்டடப் பொறியாளர் சான்று, எட்டு வீட்டாரின் கையெழுத்து, இவை வந்தபின் அடுத்த பொதுக்குழுவில் பரிசீலிக்கப்படும் என்று மினிட்ஸ் எழுதப்பட்டது. அழகான கையெழுத்து.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. கீழே டிரில்லிங் சத்தம். இறங்கிப் பார்த்தால் செயலாளரின் பார்க்கிங்கில் கம்பெனி ஆட்கள் சுவரில் சார்ஜர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புது மின்சாரக் கார், மாலையோடு, எலுமிச்சம்பழத்தோடு. புது வண்டி வாங்குகிறவருக்கு சார்ஜரும் மாட்டும் செலவும் கம்பெனியின் இலவசம். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அவசரக் கமிட்டி கூடி, எட்டே காலுக்கு அனுமதி கொடுத்திருந்தது. தீயணைப்புத் துறை? "இது கம்பெனி இன்ஸ்டாலேஷன் தம்பி. சேஃப்டி இருக்கு." எனக்கு ஒரு லட்டும் கொடுத்தார். சாப்பிட்டேன். கோபத்திலும் லட்டு லட்டுதான்.

போன வாரம், ஒன்றரை வருஷம் கழித்து, மாடிப்படியில் மடக்கினார். தோளில் கை போட்டார்.

"நீங்க அப்ப ஒரு பழைய ஈவி தேடிட்டு இருந்தீங்களே, வாங்கிட்டீங்களா?"

"இல்லை சார்."

"நல்லதாப் போச்சு. என்னோடதைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். புது மாடல் புக் பண்ணிட்டேன், ரேஞ்ச் ஜாஸ்தி. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. சிங்கிள் ஓனர், தெரிஞ்ச வண்டி, ஷெட்டை விட்டே நகராதது."

"பேட்டரி ஹெல்த் எவ்வளவு சார்?"

"சூப்பரா இருக்கு."

"லைஃப் டைம் வாரண்டி?"

"அது என் பேருக்குத்தான் தம்பி வரும்."

"சரி சார். அந்த சார்ஜிங் பாயின்ட்டையாவது எனக்கு மாத்திக் கொடுப்பீங்களா?"

கையைத் தோளிலிருந்து எடுத்தார்.

"அதெப்படித் தம்பி? என் புது வண்டிக்கு வேணுமே. நீங்க வண்டியை எடுத்துக்கங்க. பிளக்குக்கு ஜிபில ஒரு லெட்டர் கொடுங்க, பார்க்கலாம்."